பனரில் முகம் வராத பிள்ளைகள்: உயர்தரத்துக்கு விஞ்ஞானமா, கலையா?

உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியால் சைக்கிளில் போனால் மதிலுக்கு மதில் பனர் தொங்கும். கழுத்துப்பட்டி கட்டிய பிள்ளைகளின் முகங்கள், கீழே 3ஏ, மாவட்ட நிலை, கிடைக்கப்போகிற துறை. ஒரே பனரில் இருபது முகம்கூட இருக்கும். அந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை மட்டும் எந்தப் பனரிலும் நான் கண்டதில்லை.

போன மாதம் அயல்வீட்டு அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார். மகளுக்கு ஓ.எல்லில் (சாதாரணதரத்தில்) 8ஏ, ஒரு பி. பிள்ளை ஏ.எல்லுக்கு (உயர்தரத்துக்கு) ஆர்ட்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். “தம்பி, நீர் ஒருக்கா அவளோட கதையும். மூளையுள்ள பிள்ளை, ஆர்ட்சுக்குப் போய்ப் பாழாகப் போகுது” என்றார்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் கணிதப் பிரிவில் இரண்டு தரம் சோதனை எழுதி, பொறியியல் கிடைக்காமல், பௌதிக விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்தவன். இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பக்கத்து மேசை அக்கா புவியியல் பட்டதாரி. இரண்டு பேருக்கும் ஒரே சம்பளத் திட்டம். ஆக, விஞ்ஞானம் படித்தால் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு நான் நல்ல உதாரணமா, கெட்ட உதாரணமா என்பது அண்ணைக்கே விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதே கேள்வியோடு வருகிறவர்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வர்த்தகப் பிரிவையும் 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவையும் இங்கே தொடவில்லை, அவை தனிக்கதை.

எதை வைத்து அளப்பது

பெரும்பாலான வீடுகளில் ஒப்பீடு இப்படித்தான் நடக்கிறது: ஒரு பக்கம் டொக்டர், மறுபக்கம் கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலில் வேலை கேட்டுக் குந்தியிருக்கிற கலைப் பட்டதாரி. ஒரு பிரிவின் உச்சியையும் மற்றப் பிரிவின் அடியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. திருப்பிப் பாருங்கள். ஒரு நல்ல சட்டத்தரணியையும், மூன்று தரம் பயோ (உயிரியல் பிரிவு) எழுதி வீட்டில் இருக்கிற பொடியனையும் பக்கத்தில் வைத்தால்? அதுவும் அதே அளவு பிழையான ஒப்பீடு.

நடுவில் நிற்கிற பிள்ளையைப் பார்க்க வேண்டும். பனரில் முகம் வராத பிள்ளை அந்தந்தப் பிரிவில் எங்கே போகிறது? இதுதான் என் முதல் அளவுகோல். இரண்டாவது, அந்தப் படிப்பு யோசிக்கிற விதத்துக்கு என்ன செய்கிறது. மூன்றாவது, யாரும் சொல்லாத செலவு: காசு மட்டுமில்லை, வயதும்தான். நான்காவது, பிழைத்தால் திரும்பி வர வழி உண்டா. கடைசியாக, ஊருக்கு அந்தப் படிப்பால் என்ன பயன். இது பெற்றோர் யாரும் கேட்காத கேள்வி. ஆனாலும் பிள்ளை வாழப்போவது ஊரில்தானே.

முதலில் இந்த மூளைக் கதையை முடித்துவிடுவோம்

“மூளையுள்ள பிள்ளை விஞ்ஞானம் படிக்கும்” என்பதற்குள் இரண்டு கதைகள் ஒட்டிக்கிடக்கின்றன. கெட்டிக்காரர் விஞ்ஞானத்துக்குப் போகிறார்கள் என்பது ஒன்று. விஞ்ஞானம் கெட்டிக்காரராக்குகிறது என்பது மற்றது. முதலாவது யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் உண்மை, ஏனென்றால் நாங்களே பிடித்து அனுப்புகிறோம். ஊரிலேயே வருத்தக்காரர் கூடின இடம் பெரியாஸ்பத்திரி. அதற்காக ஆஸ்பத்திரிதான் வருத்தத்தைக் கொடுக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018இல் ஸ்டூவர்ட் ரிச்சி, எலியட் டக்கர்-டிரோப் இருவரும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து, கூடுதலாகப் படிக்கிற ஒவ்வொரு வருடமும் நுண்ணறிவுச் சோதனையில் ஏறத்தாழ 1 முதல் 5 புள்ளி வரை கூட்டுகிறது என்று கண்டார்கள். அங்கே பேசப்படுவது படித்த வருடங்கள்தான், படித்த பாடம் இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1988இல் வந்த ஒரு ஆய்வு. அமெரிக்காவில் லேமன், லெம்பர்ட், நிஸ்பெட் மூவரும் சட்டம், மருத்துவம், உளவியல், இரசாயனவியல் ஆகிய நான்கு துறைகளின் பட்டப்பின் மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். அன்றாட வாழ்க்கையில் எண்களையும் காரணங்களையும் எப்படிச் சீர்தூக்குகிறார்கள் என்பதைப் படிப்பின் தொடக்கத்திலும் இரண்டு வருடம் கழித்தும் பார்த்தார்கள். உளவியல் மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் நன்றாக முன்னேறியிருந்தார்கள். சட்ட மாணவர்கள் ‘இப்படியென்றால் அப்படி’ என்கிற நிபந்தனைத் தர்க்கத்தில் முன்னேறியிருந்தார்கள். இரசாயனவியல் மாணவர்களிடம் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குடுவைக்குள் நடப்பது பெரும்பாலும் நிச்சயமானது. நோயாளியும் வழக்கும் மனிதரும் அப்படி இல்லை. ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்ற இடத்தில் புழங்கியவர்களுக்குத்தான் அந்த வகை யோசனை பழகுகிறது. இளநிலை மாணவர்களை வைத்து 1990இல் செய்த தொடர் ஆய்விலும் புள்ளிவிபர யோசனையில் கூடுதலாக முன்னேறியவர்கள் சமூக விஞ்ஞான மாணவர்கள். இயற்கை விஞ்ஞானமும் மனிதப்பண்பியலும் படித்தவர்கள் நிபந்தனைத் தர்க்கத்தில் முன்னேறினார்கள்.

அப்படியானால் ஒவ்வொரு படிப்பும் ஒவ்வொரு ஆயுதத்தைத் தீட்டுகிறது. எந்தப் பாடமும் மூளை முழுவதையும் கூராக்குவதில்லை.

இதற்கு எங்கள் அலுவலகத்திலேயே சாட்சி உண்டு. ஒருமுறை தண்ணீர்த் தாங்கி கொடுக்கும் திட்டத்துக்குக் குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தினேன். எக்செலில் அழகாக வந்தது. பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “இது எந்த மாசம் எடுத்த கணக்கு?” வடமராட்சி மீன்பிடிக் கரையில் மார்கழியில் கேட்டால் ஒரு வருமானம் சொல்வார்கள், சித்திரையில் கேட்டால் வேறு. பாதிக் கிராமத்தை ஒரு மாதத்திலும் மீதியை மற்ற மாதத்திலும் எடுத்திருந்தார்கள். என் வரிசை அத்தனையும் பிழை. எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தது, அவவுக்குக் கரை தெரிந்திருந்தது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் உயர்தரப் பாடத்திட்டத்தில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்றொரு பாடம் இருக்கிறது. கருதுகோள் என்றால் என்ன, பரிசோதனை எதை நிறுவும், எதை நிறுவாது என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கலைப் பிரிவுப் பிள்ளைகள். விஞ்ஞானப் பிரிவில் விஞ்ஞானமுறைக்கு என்று ஒரு பாடம் கிடையாது!

வழி ஒன்று: மருத்துவம், பொறியியல் என்று குறிவைத்துப் போவது

யாழ்ப்பாணம் ஏன் இந்த இரண்டிலும் இப்படித் தொங்குகிறது என்பதற்கு வரலாறு உண்டு. பெரிய குளமோ ஆறோ இல்லாத, பயிரை மட்டும் நம்ப முடியாத சுண்ணாம்புக்கல் நிலம். மிசன் பள்ளிகள் தந்த ஆங்கிலம், அதன்மூலம் கிடைத்த அரச உத்தியோகம். பிறகு 1971இல் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளி போதும் என்றிருக்க, தமிழ் மாணவர் 250 எடுக்க வேண்டியிருந்தது. பறிக்கப்பட்ட பண்டத்துக்கு மதிப்புக் கூடும். எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கு மெடிசின் கிடைப்பது வெறும் வேலைவாய்ப்பாக இருக்கவில்லை, இழந்ததை மீட்பதாகவும் இருந்தது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

இன்றைய கணக்கு வேறு. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி உயரம் கூடிய ஒன்று. அதற்குள் வந்துவிட்டால் நடுவரிசைக்காரருக்கும் வாழ்க்கை பாதுகாப்பானது. மருத்துவ பீடத்துக்குள் போனவர்களில் கடைசியாய் நிற்கிறவரும் டொக்டர்தான். இந்த ஒரு விஷயத்தில் மருத்துவத்தோடு வேறெந்தப் பட்டமும் போட்டிபோட முடியாது.

செலவைப் பாருங்கள். மூன்று பாடத்துக்கும் தியறி, ரிவிஷன், பேப்பர் கிளாஸ் என்று தனித்தனி. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் இரவு எட்டுக்குத்தான் பிள்ளை சாப்பாட்டுக்கு இருக்கும். மூன்று தரம் எழுதலாம் என்பதால் மூன்று தரமும் எழுதுகிறார்கள். மூன்றாந்தரத்தில் மருத்துவம் எடுத்தவர் ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, இடையில் காத்திருப்பு எல்லாம் முடித்துச் சரியான சம்பளம் எடுக்கும்போது முப்பதை எட்டிவிடுவார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்மாரும் பொறியியலாளரும் வெளிநாடு போவது கூடியிருக்கிறது. பிள்ளை இலண்டனில், அம்மா அப்பா கோண்டாவிலில் வட்ஸ்அப் பார்த்துக்கொண்டு. இதையும் செலவுக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

யாருக்கு இந்த வழி? யாரும் எழுப்பாமலே எழும்பிக் கணக்குச் செய்கிற பிள்ளைக்கு. முதற்தரப் பெறுபேறு வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்தால் இரண்டாந்தரம் எழுதலாம். கிட்ட வராவிட்டால் இரண்டாந்தரம் என்பது சீட்டாட்டம்.

வழி இரண்டு: விஞ்ஞானப் பட்டம், பீ.எஸ்.சி.

பனரில் வராத விஞ்ஞானப் பிள்ளைகளில் பல்கலைக்கழகம் கிடைத்தவர்கள் இங்கேதான் வருகிறார்கள். உயிரியல், பௌதிக விஞ்ஞானம், கணினி விஞ்ஞானம், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம், துணை மருத்துவத்தில் தாதியியலோ மருந்தாக்கவியலோ, கைதடியில் சித்த மருத்துவம். துணை மருத்துவத்துக்கும் கணினிக்கும் வேலைச்சந்தை தெளிவானது. சுத்தமான பௌதிகவியல், தாவரவியல், இரசாயனவியல் படித்தவர்களுக்குத் தெளிவில்லை. அவர்களில் கணிசமானோர் ஆசிரியராக, வங்கியில், அல்லது என்னைப்போல ஒரு செயலகத்தில் முடிகிறார்கள்.

இந்த வழியின் முதல் அடி மொழி. நான் பள்ளிக்கூடத்தில் ஆர்முடுகல், அமர்முடுகல் என்று படித்து, அதில் நல்ல புள்ளியும் எடுத்தவன். கம்பஸில் முதல் விரிவுரையில் விரிவுரையாளர் அரைமணித்தியாலம் அக்செலரேஷன் அக்செலரேஷன் என்றார். எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொல்கிறார் என்பது கரும்பலகையில் சமன்பாட்டைக் கண்டபிறகே உறைத்தது. பக்கத்தில் இருந்த பருத்தித்துறைப் பொடியன் கொப்பியில் தமிழில் எழுதி எழுதி, பிறகு வெட்டி வெட்டி ஆங்கிலத்தில் மாற்றினான். முதல் வருடம் முழுக்க அப்படிப் போனது. அந்த வேதனை வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு வருடம் கழித்து எங்கள் இருவருக்கும் ஒரு ஆங்கில அறிக்கையை எடுத்துப் படிக்கப் பயம் இருக்கவில்லை.

இந்த வழிக்கு உள்ள மிகப் பெரிய பலம், வெளியே போகக் கதவுகள் திறந்திருப்பது. விஞ்ஞானம் படித்துவிட்டுச் சட்டத்துக்கு, நிர்வாக சேவைக்கு, பத்திரிகைக்கு, வரலாற்றுக்குப் போகலாம். கலை படித்துவிட்டு மருத்துவத்துக்குப் போக வழியே இல்லை. தந்தை செல்வா (எஸ்.ஜே.வி. செல்வநாயகம்) 1918இல் இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டம் எடுத்தது விஞ்ஞானத்தில், பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துவிட்டுத்தான் சட்டத்துக்குப் போனார். ஜி.ஜி. பொன்னம்பலம் கேம்பிரிட்ஜில் படித்தது இயற்கை விஞ்ஞானம். தமிழ் அரசியலின் இரண்டு துருவங்களும் ஆய்வுகூடத்தின் வாசலால் வந்தவை. இருபது வயதில் விட்ட கணிதத்தை முப்பதில் பிடிப்பது கடினம். விட்ட வரலாற்றை நாற்பதிலும் வாசிக்கலாம். இது விஞ்ஞானத்துக்குச் சார்பான நேர்மையான வாதம். அண்ணைக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன், அவருடைய முகம் மலர்ந்தது.

மறுபக்கம்: கதவு திறந்திருப்பதும் அதற்குள் நடந்து போவதும் வேறு. பதினாறு வயதிலிருந்து இருபத்திமூன்று வரை பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு பக்கம் வாசிக்காத ஒருவருக்கு அந்தக் கதவு சுவரில் வரைந்த கதவுதான். இன்னொன்று, அமெரிக்காவில் டேவிட் டெமிங், கடீம் நோரே இருவரும் 2020இல் காட்டியது: கணினி, பொறியியல் போன்ற துறைகளில் ஆரம்பச் சம்பளத்தில் இருக்கிற முந்துகை காலப்போக்கில் குறைகிறது, ஏனென்றால் கற்ற நுட்பம் பழசாகிவிடுகிறது. அங்கேயுள்ள சந்தை வேறு, இங்கேயுள்ள சந்தை வேறு. ஆனாலும் கம்பஸில் படித்த மென்பொருள் மொழி ஐந்து வருடத்தில் கிழடாகிப்போவதை இங்கேயும் பார்க்கிறோம்.

வழி மூன்று: கலைப் பட்டம்

முதலில் ஒரு மனக்குறை. நான் படித்த ரியூசன் ஒன்றில், தரம் 11இல், கணித ஆசிரியர் ஒருநாள் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாத ஒருவனைப் பார்த்து, “ஆர்ட்ஸ் படிக்கப் போறவை இப்பவே எழும்பிப் போங்கோ, மற்றவையின்ரை நேரம் மினக்கெடுது” என்றார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவனுக்கு வரலாறு என்றால் உயிர். இப்படித்தான் கலைப் பிரிவுக்குள் இரண்டு வகைப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள்: விரும்பி வந்தவர்கள், எழுப்பி அனுப்பப்பட்டவர்கள். இரண்டாம் வகையினர் கூடுதலாக இருக்கிற வகுப்பில் ஆசிரியருக்கும் வேலை சுலபம். நோட்ஸ் சொல்லி எழுதுவித்தால் போதும்.

கலைப் பட்டத்தின் உண்மையான பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. நோட்ஸ் பாடமாக்கி எடுத்த பீ.ஏ.யும், வாசித்து வாதாடி எடுத்த பீ.ஏ.யும் காகிதத்தில் ஒன்றுதான், ஆளில் ஒன்றில்லை. மருத்துவத்தில் கடைசி ஆளையும் படிப்பே தூக்கிவிடும். கலையில் ஆளைத் தூக்குவது ஆள்தான்.

வெளிச்செலவு குறைவு. ரியூசன் காசு குறையும், முதற்தரத்திலேயே கம்பஸ் கிடைக்கிற வாய்ப்பு கெட்டிக்காரப் பிள்ளைக்கு அதிகம், பொதுப் பட்டம் என்றால் மூன்று வருடம், சிறப்பு என்றால் நான்கு. விஞ்ஞானத்தில் மூன்றாந்தரம் எழுதிக்கொண்டிருக்கிற வயதில் இந்தப் பிள்ளை பட்டத்தின் நடுவில் நிற்கும்.

மறைச்செலவு இரண்டு. ஒன்று ஆங்கிலம். பள்ளியிலும் தமிழ், கம்பஸிலும் பல பாடங்கள் பெரும்பாலும் தமிழில். எங்கள் மொழியில் உயர்கல்வி கிடைப்பது பெருமைதான். ஆனால் அதனாலேயே முதல் வருடத்தில் எனக்கு விழுந்த அடி அவர்களுக்கு நேர்முகத் தேர்வில் விழுகிறது, அப்போது எழும்ப நேரம் இருக்காது. மற்றது காத்திருப்பு. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் கொட்டில் போட்டு இருந்தார்கள். 2020இல் அரசு பட்டதாரிப் பயிலுநர்களை எடுத்தபோது மாதம் 20,000 ரூபா கொடுத்தது. அடுத்த நியமனம் எப்போது வரும் என்பது தேர்தலைப் பொறுத்தது. அரச நியமனத்தை மட்டும் நம்பிக் கலை படிக்கக் கூடாது என்பதில் நான் அண்ணையின் பக்கம்தான்.

பிறகு யார் படிக்கலாம்? சட்டம் குறிவைத்த பிள்ளை படிக்கலாம். சட்டக் கல்லூரிக்குத் தனி நுழைவுப் பரீட்சை, அது பிரிவு பார்ப்பதில்லை. நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவை என்று யோசிக்கிற பிள்ளை படிக்கலாம். அந்தச் சோதனைகளில் வேண்டியது வாசித்ததைச் சுருக்கவும், வாதத்தைப் பிரிக்கவும், நாட்டைத் தெரிந்திருக்கவும் கூடிய திறமை. மொழிபெயர்ப்பு, ஊடகம், உளவளத்துணை, தொல்லியல், புவியியலில் தொலையுணர்வு என்று குறி தெளிவாக உள்ளவர்களும் படிக்கலாம். பாடத்தெரிவிலும் வித்தை இருக்கிறது. சுலபமாய் ஏ எடுக்கலாம் என்று கேள்விப்பட்ட மூன்றைச் சேர்ப்பது ஒரு விதம். புவியியல், பொருளியல், அளவையியல் அல்லது தகவல் தொழில்நுட்பம் என்று எண்ணும் வாதமும் கலந்து எடுப்பது வேறு விதம். பின்னதை எடுக்கிற பிள்ளையைப் பற்றி எனக்குப் பயமில்லை.

யாரும் திட்டமிடாத நாலாவது வழி

பயோ மூன்று தரம். மூன்றாந்தரமும் இரண்டு எஸ் (சாதாரண சித்தி), ஒரு சி. இருபத்திரண்டு வயது. அப்புறம் ஒரு வெளிவாரிப் பீ.ஏ., அல்லது கனடாவுக்கு ஒரு ஏஜென்சி. இந்தப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் முழுதாக வரவில்லை, கலையை விரும்பிப் படிக்கிற மனமும் போய்விட்டது. பெற்றோர் பயந்து ஓடுவது கலையிலிருந்து, ஆனால் பல பேர் போய் விழுவது இங்கே. இந்தக் குழிக்குள் விழாமல் இருப்பதற்கு ஒரே வழி, முதற்தரப் பெறுபேறு வந்த அன்றைக்கே வெட்டுப்புள்ளியைப் பக்கத்தில் வைத்து மேசையில் இருந்து பேசுவது. “இன்னொருக்கா எடுத்துப் பாக்கட்டுமே” என்பது பாசம்தான், ஆனால் அதற்கு ஒரு வருடம் விலை.

ஒரே பார்வையில்

| | மருத்துவம், பொறியியல் | பொது விஞ்ஞானப் பட்டம் | கலைப் பட்டம் |
|---|---|---|---|
| பட்டக் காலம் | மருத்துவம் 5 + பயிற்சி 1. பொறியியல் 4 | 3 அல்லது 4 | 3 அல்லது 4 |
| கம்பஸ் மொழி | ஆங்கிலம் | ஆங்கிலம் | பெரும்பாலும் தமிழ், பாடத்தைப் பொறுத்து ஆங்கிலம் |
| நடுவரிசைக்காரரின் நிலை | பாதுகாப்பு | துறையைப் பொறுத்தது | ஆளைப் பொறுத்தது |
| மறைச்செலவு | இரண்டாந்தர, மூன்றாந்தர வருடங்கள், புலம்பெயர்வு | முதல் வருட மொழி அடி, ‘மெடிசின் கிடைக்கேல்லை’ என்ற வடு | ஆங்கிலம், நியமனக் காத்திருப்பு, ஊரின் இளக்காரம் |
| திசை மாற்ற | முடியும், யாரும் மாறுவதில்லை | மிகச் சுலபம் | விஞ்ஞானத்துக்குத் திரும்ப முடியாது |

ஊருக்கு எது வேண்டும்

இந்தப் பிரிவினை எங்கள் மண்ணுக்குப் பழசில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியலும் கணிதமும் தமிழும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. அங்கே படித்த இரண்டு பேர்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, தமிழில் பீசகணிதம் எழுதியவர். மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சில் ஏற்றியவர். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தமிழ்ச் சொல் தேடவேண்டியிருந்த அந்த வேலையில் கத்தியும் அகராதியும் சம பங்காளிகள்.

பிற்காலத்திலும் பாருங்கள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் கைலாசபதி, தமிழ்ப் பேராசிரியர். அதே வளாகம் பிறகு போர்க்காலத்தில் ஊரின் மனச்சாட்சியாகப் பேச முற்பட்டபோது, போரின் கொடுமைகளைப் பதிவுசெய்த ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ராஜினி திராணகம உடற்கூற்றியல் விரிவுரையாளர், தயா சோமசுந்தரம் உளமருத்துவர், ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் கணிதத்துறையினர். வரலாற்றுக்காரர் எழுதியிருக்க வேண்டியதை உடற்கூற்றியலும் கணிதமும் எழுதின. ராஜினி 1989 செப்ரெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பொதுவாழ்வுக்குப் பட்டம் தகுதி தருவதில்லை என்பதற்கு இதைவிடக் கனமான சாட்சி என்னிடம் இல்லை.

கிட்டடிக் கதை சுன்னாகம் கிணறுகள். மின்நிலையப் பக்கத்திலிருந்து எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது என்ற முறைப்பாடு எழுந்தபோது, தண்ணீரை எடுத்துச் சோதிக்க இரசாயனவியல் தெரிந்தவர் வேண்டியிருந்தது. சோதனை அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டபோது எதை நம்புவது என்று சனம் தவித்தது. கடைசியில் அது அடிப்படை உரிமை மீறல் என்று சட்டமொழியில் வாதாடப்பட்டு, 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கச் சொன்னது. தண்ணீரில் இருந்த எண்ணெயைக் கண்டுபிடித்ததோடு விஷயம் நின்றிருந்தால் ஒரு சதமும் வந்திராது. எண்ணெய் இருப்பதை நிறுவாமல் நீதிமன்றம் போயிருந்தாலும் வந்திராது.

அண்ணையின் மகள்

கடைசியில் அவளோடு கதைத்தேன். சட்டம் என்றாள். ஏன் என்றேன். காணிப் பிரச்சினையில் அம்மம்மா பதினொரு வருடம் கோர்ட்டுக்கு அலைந்ததைச் சொன்னாள், தவணைகளின் மாதங்களோடு. கணிதத்தில் என்ன எடுத்தாய் என்றேன். ஏ. அந்த ஒரு பி விஞ்ஞானத்தில்.

அவளுக்கு நான் சொன்னது இரண்டே விஷயம். கணிதத்தில் ஏ எடுத்த மூளையைக் கலைக்குப் போய்ப் பட்டினி போடாதே, அளவையியலும் பொருளியலும் எடு. ஆங்கில வகுப்புக்கு இந்த மாதமே போ, ரியூசனில் மிஞ்சுகிற காசு அதற்குத்தான். அண்ணைக்குச் சொன்னது ஒன்று: அவள் மூன்று மாதத்தில் மனம் மாறினால் மாற விடுங்கள், இரண்டு வருடம் கழித்து மாறச் சொல்லாதீர்கள்.

அண்ணை கொஞ்ச நேரம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சரி, எடுக்கட்டும்” என்றார். நாலு எட்டுப் போய்விட்டுத் திரும்பிவந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தம்பி, ஆர்ட்சில 3ஏ எடுத்தா பனர் அடிப்பினமோ?”

அடிப்பார்கள். கொஞ்சம் சின்னதாக.